மீனுவின் பெஞ்சில் மூன்று வாரம்

காலை இரண்டாவது பீரியட் தொடங்கும்போது ஜன்னல் கம்பிகளின் நிழல் மூன்றாவது பெஞ்சின் மேல் வந்து விழும். மொத்தம் ஏழு கோடுகள். பீரியட் முடிவதற்குள் அவை பெஞ்சை விட்டு நகர்ந்து, பக்கத்தில் இருக்கும் தன்வியின் மடிக்குப் போய்விடும். கரும்பலகையைப் பார்க்க வேண்டிய நான் அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நாற்பத்து நான்கு வயதில், ஏழாம் வகுப்பு பி பிரிவில், முழங்கால் பெஞ்சுக்கடியில் நுழையாமல் ஒருக்களித்து உட்கார்ந்துகொண்டு.

ஜன்னலுக்கு வெளியே ஏழிலைப்பாலை பூத்திருந்தது. தில்லியில் இருப்பவர்களுக்கு அந்த வாசனை தெரியும். வெயிலின் கோபம் தணிந்து, குளிர் இன்னும் வராத அந்தச் சில வாரங்களில் தெருவெல்லாம் அதுதான். சிலருக்குத் தலைவலி வரும். எனக்குத் தூக்கம் வரும், ஆனால் கண்ணை மூடத் தோன்றாத ஒரு தூக்கம்.

இந்தத் தொடரில் கரோல் பாக் வாடகை வீட்டைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, "இப்படியே பழைய காலத்திலேயே நிற்காதீர்கள், கொஞ்சம் இந்தப் பக்கம் வாருங்கள்" என்று ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். வந்துவிட்டேன் அம்மா. இது சில வருடங்களுக்கு முன் நடந்ததுதான். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத் தள்ளிப்போட்ட விஷயம். இதில் நான் நல்லவளாக வரமாட்டேன்.

கிச்சடி டேபிள்

மீனு என்கிற மீனாட்சி எங்கள் ஒரே மகள். வீட்டில் கோவில்பட்டித் தமிழ் கேட்டு, மாடிப்படியில் இந்தி பேசி, மயூர் விஹாரில் வளர்ந்தவள். தசரா விடுமுறை முடிந்த வாரம் அவள் கண் மஞ்சளாயிற்று. இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு டாக்டர் மூன்று வாரம் படுக்கை என்றார். எண்ணெய் கூடாது, வெளிச் சாப்பாடு கூடாது, ஓடக் கூடாது, கூட்டத்துக்குள் போகக் கூடாது.

மீனு அழுதாள். காமாலைக்காக அழவில்லை, கிச்சடி டேபிளுக்காக அழுதாள்.

அவள் பள்ளி தமிழர்கள் நடத்தும் பள்ளி. எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. அங்கே ஆறாவதிலிருந்து எட்டாவது வரை ஒரு வழக்கம் உண்டு. மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை பெற்றோர் வகுப்புக்கு வரலாம். பாடத்துக்கு ஒரு மேசை போட்டிருப்பார்கள். மேசைக்கு ஒரு பிள்ளை நின்று, இந்த மாதம் இதைப் படித்தோம் என்று வருகிறவர்களுக்கு விளக்க வேண்டும். கதவுக்குப் பக்கத்தில் கடைசியாக ஒரு மேசை. அதற்குத் தனிப் பாடம் கிடையாது. அறிவியல், கணக்கு, சரித்திரம், பூகோளம், ஓவியம், மொழிகள் என்று எல்லா வகுப்பிலும் அந்த மாதம் படித்ததை ஒன்றாகக் கலந்து ஒரே கதையாகச் சொல்ல வேண்டும். பள்ளி அதற்கு ஏதோ பெரிய பெயர் வைத்திருந்தது. பிள்ளைகள் வைத்த பெயர் கிச்சடி டேபிள்.

அதில் யார் நிற்பது என்று பிள்ளைகளே ஓட்டுப் போடுவார்கள். ஒருவருக்கு வருடத்தில் ஒரு முறைதான். மீனு ஆறாவதில் இரண்டு தடவை தோற்றவள். இந்த மாதம் ஜெயித்திருந்தாள். ஜெயித்த நான்காம் நாள் படுத்துவிட்டாள்.

"மா, கிளாஸ்ல இல்லாம எப்படி மா கிச்சடி டேபிள் பண்றது? எனக்கு நோட்ஸ் வேணும். எல்லா சப்ஜெக்ட்டும்."

"தன்விகிட்ட வாங்கித் தாரேன்ட்டி."

"தன்வி நோட்ஸா? அவ டேட் மட்டும்தான் எழுதுவா!"

உண்மைதான். தன்வி அன்று மாலை வாட்ஸப்பில் அனுப்பிய படங்களில் தேதி இருந்தது, பாடத்தின் தலைப்பு இருந்தது, ஓரத்தில் அழகான ஒரு பூ இருந்தது.

மறுநாள் வகுப்பு ஆசிரியை சுனிதா மேடத்தைப் பார்க்கப் போனேன். கட்வால் மலைப் பக்கத்துக்காரர். இருபது வருடமாக எங்கள் ஆட்களோடு பழகி, தனக்கென்று ஒரு தமிழைத் தயார் செய்து வைத்திருந்தார்.

"மீனு மம்மி, நோட்ஸ் நான் எப்படிக் குடுக்கும்? டீச்சர் சொல்றது எல்லாம் நோட்ஸ்ல வராது. ஏக் காம் கரோ, ஒரு வேலை பண்ணுங்க, நீங்களே வந்து உக்காருங்க நா!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

நான் ஓர் அமைச்சகத்தில் பிரிவு அலுவலர். எங்களைப் போன்றவர்களிடம் யாரும் விளையாட்டாக எதையும் சொல்லக் கூடாது, மறுநாள் எழுத்து மூலம் வந்து நிற்போம். பள்ளி முதல்வருக்கு நான்கு பத்தியில் விண்ணப்பம் எழுதினேன். மூன்று வாரம், காலை முதல் மதியம் வரை, மகளின் இருக்கையில் அமர்ந்து குறிப்பெடுக்க அனுமதி வேண்டும் என்று. அவர் ஓரத்தில் பச்சை மையில் எழுதிக் கொடுத்தார்: உட்காரலாம், வகுப்பில் பேசக் கூடாது.

குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஏற்கெனவே அலுவலகத்தில் விடுப்பு எடுத்திருந்தேன். என் கணவருக்கு விமான நிலையத்தில் மதிய ஷிப்ட். காலையில் அவர் மீனுவைப் பார்த்துக்கொள்வார், அவர் கிளம்புவதற்குள் நான் வந்துவிடுவேன். பிள்ளையைப் பராமரிக்கக் கிடைத்த விடுப்பில் நான் பள்ளிக்கூடம் போனேன் என்று அலுவலகத்தில் இன்று வரை யாருக்கும் தெரியாது. இனித் தெரிந்துவிடும்.

யமுனைக்கடியில் ஒரு வகுப்பு

முதல் நாள் பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் மறந்துவிட்டார்கள். ஐந்தாம் நாள் தன்வி என் தோளில் இடித்து, "ஆண்ட்டி, ஸ்கேல் இருக்கா?" என்று கேட்டாள். அன்றைக்கு எனக்குப் பதவி உயர்வு வந்த நாளைவிடச் சந்தோஷமாக இருந்தது.

சுனிதா மேடம் அந்த மாதம் அறிவியலில் ஒளியும் நிழலும் எடுத்தார். செருப்புப் பெட்டியில் ஊசித் துளை போட்டு, எதிர்ப்பக்கம் வெண்ணெய்த் தாள் ஒட்டி, தலைக்கு மேல் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு பார்க்கச் சொன்னார். என் முறை வந்தது. இருட்டுக்குள் சின்னதாக, தலைகீழாக, வெளியே இருந்த மரம் ஆடிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. இலையின் பச்சை அப்படியே இருந்தது. துப்பட்டாவுக்குள்ளிருந்து வெளியே வர எனக்கு மனம் வரவில்லை. "ஆண்ட்டி, ஜல்தி!" என்று பின்னால் வரிசையில் கத்தினார்கள்.

கணக்கு சார் ராமநாதன் பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துப் போனார். ஒரு மீட்டர் குச்சியை நட்டு அதன் நிழலை அளந்தோம். பிறகு சுவரோரம் இருந்த நெட்டிலிங்க மரத்தின் நிழலை அளந்தோம். மரத்தில் ஏறாமலே அதன் உயரம் தெரிந்துவிட்டது. விகிதம் என்பது இவ்வளவுதானா என்று மலைத்து நின்றேன். ஏழாவதில் நானும் படித்ததுதான். அப்போது அது சூத்திரமாக வந்தது, மனப்பாடம் செய்தேன், தேர்வெழுதினேன், அந்தச் சூத்திரத்தை வைத்து வேலையும் வாங்கினேன். அதன் பின்னால் ஒரு மரமும் ஒரு வெயிலும் இருந்தன என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பூகோள வகுப்பில் ஆற்றின் போக்கு. ஆறுகள் இடம் மாறும் என்றார் அந்த ஆசிரியை. நாம் இப்போது உட்கார்ந்திருக்கும் இடம் ஒரு காலத்தில் ஆற்றுப் படுகையாக இருந்திருக்கும் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். நான் போகவில்லை. அந்தப் பீரியட் முழுக்க நாங்கள் தண்ணீருக்கடியில் இருந்தோம். பெஞ்சுகள், தண்ணீர் பாட்டில்கள், நாற்பது ஜோடி வெள்ளைச் சாக்ஸ், எல்லாவற்றுக்கும் மேலே பழுப்பு நிறத்தில் யமுனை மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. மணி அடித்ததும்தான் மூச்சு விட்டேன்.

சரித்திரத்தில் பழைய தில்லியின் கோபுரங்கள். ஓவியத்தில் ஒரு பானையை வரைந்து நிழல் தீட்டுவது. பானையின் இருண்ட பக்கத்திலும் ஓரத்தில் மெல்லிய வெளிச்சம் ஒன்று இருக்கும், அதை விட்டுவிடாதீர்கள் என்று ஓவிய ஆசிரியை ஒவ்வொரு தாளாகக் குனிந்து சொல்லிக்கொண்டு போனார். தமிழ் வகுப்பில் ஒரு நாள் ஐயா என்னைப் பாடம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பிள்ளைகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அதுவரை என்னைத் தங்களைவிடக் கொஞ்சம் மக்கு என்று நினைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது வார முடிவில் ஒன்று புரிந்தது. சுனிதா மேடத்தின் நிழலும் ராமநாதன் சாரின் நிழலும் ஒரே வெயிலில் விழுந்தவை. பானையின் இருட்டும் கோபுரத்தின் இருட்டும் அதே கணக்குக்குக் கட்டுப்பட்டவை. ஆசிரியர்கள் ஒருவர் மற்றவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை, அவர்களுக்கு நேரமில்லை. எல்லா வகுப்பிலும் உட்காருகிறவளுக்கு மட்டும்தான் அது தெரியும். மதிய வெயிலில் வீட்டுக்கு நடந்து வரும்போது என் நிழலையே பார்த்துக்கொண்டு வந்து, ஒரு நாள் காய்கறி வண்டியில் மோதிக்கொண்டேன்.

"எனக்கா, உனக்கா?"

முதல் வாரம் முடிந்த வெள்ளிக்கிழமை இரண்டு நோட்டுகளை மீனுவின் போர்வை மேல் வைத்தேன். ஒரு வரி விடாமல் எழுதியிருந்தேன். படம் போட்டிருந்தேன், சிவப்பு மையில் தலைப்பிட்டிருந்தேன்.

மீனு ஒரு பக்கம் திருப்பினாள். இன்னொரு பக்கம் திருப்பினாள்.

"மா. இது பூரா தமிழ்."

அவள் சொல்லித்தான் நானே பார்த்தேன். நம்பினால் நம்புங்கள். கருநிழல், புறநிழல், விகிதம், வண்டல், அச்சின் சாய்வு. ஆசிரியர்கள் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, என் கை தானாகவே தமிழில் எழுதியிருக்கிறது. கோவில்பட்டியில் நான் பன்னிரண்டாவது வரை படித்தது தமிழில்தான். பெஞ்சில் உட்கார்ந்ததும் கை தன் பழைய வழிக்குப் போய்விட்டது.

தில்லியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கோப்பில் நான் எழுதிய முதல் ஆங்கிலக் குறிப்பை மேலதிகாரி முழுவதும் சிவப்புக் கோட்டால் அடித்து, "இது எந்த மொழி?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அன்றிலிருந்து வெறியாக ஆங்கிலம் கற்றேன். இப்போது நான் மற்றவர்கள் குறிப்பை அடிக்கிறேன். தமிழில் நான் எழுதுவது மளிகைச் சீட்டும், வருடத்துக்கு ஒரு முறை ஊருக்கு ஒரு கடிதமும்தான். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மீனுவுக்குத் தமிழ் எழுத்துத் தெரியும். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி ஒரு வரி வாசிப்பதற்குள் சோர்ந்துவிடுவாள், அதுவும் காமாலையில்.

"இது எனக்கு எழுதினதா மா, உனக்கு எழுதினதா?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்குத்தான் சுருக்கென்றது.

"நான் வாசிச்சுச் சொல்லுதேன். நீ உன் நோட்ல எழுதிக்கோ, சரியா?"

அப்படித்தான் அந்த மதியங்கள் போயின. கணவர் ஷிப்டுக்குக் கிளம்பியதும் நான் கட்டிலோரம் உட்கார்ந்து வாசிப்பேன். அவள் படுத்தபடி கேட்பாள். கருநிழலென்றால் என்ன என்று கேட்பாள், டார்ச்சை அடித்து என் கையை ஆட்டிச் சுவரில் காட்டுவேன். எண்ணெயில்லாத பாசிப்பருப்புக் கிச்சடியை ஒரு வாய் தின்றுவிட்டு, "கிச்சடி டேபிள்ங்கிற பேரை மாத்தணும் மா, கேட்டாலே வாந்தி வருது" என்பாள். சிரிப்போம். அவள் நான்கு சின்ன அட்டைகளில் தான் பேசப் போவதை எழுதித் தலையணைக்கடியில் வைத்திருந்தாள். யாருக்கும் காட்டவில்லை. அறையில் காமாலைக்கென்று கொடுத்த கரும்புச்சாற்றின் வாசனையும் ஜன்னல் வழியே ஏழிலைப்பாலையும் கலந்து கிடந்தன. என் மகளோடு நான் அவ்வளவு பேசியது அதற்கு முன்னும் இல்லை, பிறகும் இல்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது வாரம் பரிசோதனைத் தாளில் எண்கள் இறங்கியிருந்தன. டாக்டர், "திங்கட்கிழமையிலிருந்து பள்ளிக்குப் போகலாம்" என்றார். மீனு கை தட்டினாள். எனக்கு ஒரு கணம், ஒரே ஒரு கணம், ஏமாற்றமாக இருந்தது. அந்தக் கணத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை.

சட்டென்று வந்த பதில்

மாதக் கடைசிச் சனிக்கிழமை அந்தத் திங்களுக்கு இரண்டு நாள் முன்னால் வந்தது. மீனு டாக்டரிடம் கெஞ்சினாள். ஒரு மணி நேரம் போதும் என்றாள். மூன்று மணி நேரம் நின்று பேச வேண்டிய வேலை அது, கூட்டம் வேறு, முடியாது என்றார்.

வியாழக்கிழமை தாழ்வாரத்தில் சுனிதா மேடம் என்னை நிறுத்தினார்.

"மீனு மம்மி, பச்சே லோக், பசங்க எல்லாம் கேக்கறாங்க. மீனு வர முடியாதுன்னா கிச்சடி டேபிள்ல ஆண்ட்டி நிக்கட்டும் சொல்றாங்க. நீங்க…"

"நிக்கிறேன் மேடம்."

அவர் கேள்வியை முடிக்கவே இல்லை.

"ஒரு தடவை மீனுகிட்ட கேட்டுட்டு…"

"அவ ஒண்ணும் சொல்ல மாட்டா மேடம். நான் பார்த்துக்கிடுதேன்."

வீடு வரும் வழியெல்லாம் மனதுக்குள் பேசிப் பார்த்தேன். எங்கே தொடங்குவது, பெட்டியை எப்போது காட்டுவது, ஆற்றை எங்கே கொண்டுவருவது. வீட்டுப் படியேறும் வரைக்கும் மீனுவின் முகம் எனக்கு ஞாபகம் வரவில்லை.

சொன்னதும் அவள், "அச்சா" என்றாள்.

 பிறகு தலையணைக்கடியிலிருந்து அந்த நான்கு அட்டைகளை எடுத்து நீட்டினாள்.

"இதையும் எடுத்துக்கோ."

"வேண்டாம்ட்டி, எனக்குத் தெரியுமே" என்றேன்.

எழுதும்போது கை கூசுகிறது. அப்போது கூசவில்லை. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மருந்தின் களைப்பு என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை என் கணவர் பால் காய்ச்சிக்கொண்டே சொன்னார்: "ஏன், வீடியோ கால்ல மீனுவைப் பேச வச்சா என்ன? மேசையில ஒரு டேப்லெட்டை நிறுத்தினா போச்சு. அவ இங்க படுத்துக்கிட்டே பேசிருவாளே."

இவ்வளவு எளிய விஷயம். எனக்குத் தோன்றாமல் இருந்திருக்குமா? தோன்றியிருந்தது. வியாழக்கிழமை தாழ்வாரத்திலேயே தோன்றியது.

"ஸ்கூல்ல நெட் சரியா எடுக்காதுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பாலை இறக்கினார்.

சனிக்கிழமை

நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன். கதவுக்குப் பக்கத்து மேசை எனக்காகக் காத்திருந்தது. செருப்புப் பெட்டி, மீட்டர் குச்சி, தன்வி தீட்டிய பானை, ஆற்றின் படம். என் கழுத்தில் பிள்ளைகள் போடும் நீலப் பட்டையை மாட்டிவிட்டார்கள். பெற்றோர்கள் முதலில் என்னையும் ஒரு பெற்றோர் என்று நினைத்துத் தாண்டிப் போனார்கள். பிறகு கூட்டம் சேர்ந்தது.

பேசினேன். எந்த மொழியில் பேசினேன் என்று தெரியவில்லை. வந்தவருக்கு ஏற்றபடி தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றும் வந்தன. ஒரே வெயில்தான், அது மரத்தில் விழுந்தால் கணக்கு, பானையில் விழுந்தால் ஓவியம், துளைக்குள் போனால் அறிவியல் என்றேன். வயதான ஒரு சர்தார்ஜி, யாருடைய தாத்தாவோ, பெட்டிக்குள் பார்த்துவிட்டு "வாஹ்!" என்று நிமிர்ந்தார். ராமநாதன் சார் வந்து கேட்டுவிட்டு, "இதை நாங்க யாரும் பிளான் பண்ணலையேம்மா" என்றார். என் அலுவலக வாழ்க்கையில் இருபது வருடமாக நான் பேசுவதை யாரும் அப்படிக் காது கொடுத்துக் கேட்டதில்லை. உடம்பே லேசாகிவிட்டது. காலடியில் தரை இருந்ததா என்று இப்போதும் சந்தேகமாக இருக்கிறது.

பதினொரு மணி இருக்கும். வரிசையில் ஐந்தாவது ஆளாக, முகக்கவசம் போட்டு, சால்வை போர்த்திக்கொண்டு மீனு நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் அப்பா.

கையிலிருந்த மீட்டர் குச்சியை மேசையில் வைத்தேன்.

"பத்தே நிமிஷம்" என்றார் அவர். "டாக்டருக்கு போன் பண்ணிக் கேட்டேன். ரொம்ப நேரம் நிக்க வைக்காம, யாரையும் தொடாம, பார்த்துட்டு வந்திரணும்னாரு. பேசக் கூடாதாம், களைப்பாயிரும்."

மீனு முறை வரும்வரை வரிசையிலேயே நின்றாள். மற்றவர்களைப் போல மேசைக்கு எதிர்ப்பக்கம் வந்து நின்றாள். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் இன்னும் லேசான மஞ்சளாக இருந்தன. நான் மேசையைச் சுற்றிக்கொண்டு அவளுக்கு இடம்விட நகர்ந்தேன். அவள் தலையாட்டினாள், வேண்டாம் என்று. கையால், சொல்லு என்று காட்டினாள்.

நான் சொன்னேன். என் மகளுக்கு, யாரோ ஒரு பெற்றோருக்குச் சொல்வதைப் போல, இந்த மாதம் ஏழாம் வகுப்பில் என்ன படித்தோம் என்று முதலிலிருந்து சொன்னேன். கட்டிலோரம் நானே வாசித்துக் காட்டியவைதான் எல்லாம்.  அவள் ஒரு இடத்திலும் கண்ணை எடுக்கவில்லை. பெட்டிக்குள் குனிந்து பார்த்தாள். அவள் பார்த்த முதல் தடவை அதுதான். மூன்று வாரமாக நான் பார்த்துப் பார்த்துச் சொன்ன அந்தத் தலைகீழ் மரத்தை அவள் அன்றுதான் பார்த்தாள். நிமிர நேரமாயிற்று. பின்னால் யாரும் ஜல்தி என்று சொல்லவில்லை.

போகும்போது கதவருகே சுனிதா மேடம் அவளிடம் பேனாவைக் கொடுத்ததைப் பார்த்தேன். அதற்குள் எனக்கு முன்னால் அடுத்த கூட்டம் வந்துவிட்டது.

ஒரு மணிக்கு எல்லாம் முடிந்தது. மேசையில் நின்ற பிள்ளைகள் வீட்டுக்குப் போவதற்கு முன் ஒரு வேலை பாக்கியிருக்கிறது என்று தன்விதான் சொன்னாள். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு நோட்டு உண்டு. வந்து பார்த்த பெற்றோர் அதில் பெயர், மேசையில் நின்றவருக்கு என்ன உறவு, கருத்து என்று எழுதிவிட்டுப் போவார்கள். நின்ற பிள்ளை ஒவ்வொரு கருத்துக்கும் கீழே ஒரு வரி பதில் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

உட்கார்ந்து எழுதினேன். மிக அருமை, நன்றி. நல்ல விளக்கம், நன்றி. சர்தார்ஜி பஞ்சாபியில் ஏதோ எழுதியிருந்தார், அதற்கும் நன்றி. உறவு என்ற கட்டத்தில் எல்லோரும் ஒரு கோடு போட்டிருந்தார்கள், என்ன எழுதுவதென்று தெரியாமல்.

ஒரு வரியில் மட்டும் அந்தக் கட்டம் நிரம்பியிருந்தது. பெயர் மீனாட்சி. உறவு மகள். அவளுடைய உருண்டையான ஆங்கில எழுத்தில் கருத்து இரண்டு வரி. நம் மொழியில் சொன்னால் இவ்வளவுதான்:

"எல்லாம் நன்றாகப் புரிந்தது. ஆனால் என்னிடம் ஒரு தடவை கேட்டிருக்கலாம்."

பிள்ளைகள் மேசைகளை இழுத்துப் பழையபடி பெஞ்சுகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சுனிதா மேடம் நோட்டுகளை வாங்கிப் போக வந்து நின்றார். நான் நன்றி என்று எழுதப் போய், முதல் எழுத்திலேயே நிறுத்தி அதை அடித்தேன்.

"கேட்டிருக்க வேண்டும், மீனு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.